உள்ளான சுகத்துக்கு ஒரு லெந்துக் குழு: வாராவாரம் என்ன செய்யலாம்?

பனையடி | இரவு 9.10

எல்லாருக்கும் தோத்திரம். எங்க சேகரத்துல (சபை வட்டாரத்துல) ஈஸ்டருக்கு முந்தி வர்ற லெந்து நாட்கள்ல, அதாவது தவக்காலத்துல, உள்ளான சுகத்துக்குன்னு, மனசுல உள்ள பழைய புண்ணு ஆறுறதுக்குன்னு, ஒரு சின்னக் குழு நடத்த ஐயர் (எங்க போதகர்) சம்மதிச்சிருக்காவ. ஆலங்குளம் பக்கத்துக் கிராமம். வரப்போறது எட்டுப் பேர், எல்லாரும் பீடி சுத்துற பெண்கள். ரெண்டு மூணு பேருக்கு எழுதப் படிக்கச் சரியா வராது. கடையில பீடியை ஒப்படைச்சு, ராத்திரிச் சோத்தை இறக்கி வச்சுட்டு ஏழரைக்குத்தான் வர முடியும்.

மூணு நாள் உபவாசக் கூட்டம், கன்வென்ஷன் எல்லாம் ஊர்ல நடக்கத்தான் செய்யுது. அழுதாவ, பாரம் இறங்கிட்டுன்னாவ. ரெண்டு வாரத்துல பழைய கோபம், பழைய பயம், தூக்கமும் கிடையாது. அதான் ஆறு வாரமா பிரிச்சுச் செய்யலாம்னு நினைப்பு. எதை வாசிக்க, எவ்வளவு நேரம், யாரைச் சேர்க்கக்கூடாது, எங்க தப்பாப் போகும்? பிரசங்கம் வேண்டாம். செய்முறை வேணும்.

ஊசிக்கோபுரத்தடி | இரவு 10.02

பனையடி, கூட்டத்துல நடக்கிறது பொய் இல்லை. பாதியில நின்னுபோகுது, அவ்வளவுதான். மாற்கு 8:22-25 பாருங்க. பெத்சாயிதா குருடனை இயேசு ஒருதரம் தொட்டதும் அவன் மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்னான். "சரியாயிட்டு, சாட்சி சொல்லு"ன்னு அவர் அனுப்பிடலை. என்ன தெரியுதுன்னு கேட்டார், மறுபடி கையை வச்சார். நம்ம கூட்டங்கள்ல அந்தக் கேள்வியும் கிடையாது, இரண்டாவது தொடுதலும் கிடையாது. மனுஷர் இன்னும் மரமாத் தெரியுற நிலையில உள்ளவனை மைக் முன்னால நிறுத்திடுறோம்.

அதனால குழுவை விட முக்கியம், வாரத்துல மிச்சம் ஆறு நாள் அவங்க வீட்டுல என்ன செய்யுறாங்கங்கிறது. தினம் 20 நிமிஷம் போதும். முதல் 5 நிமிஷம் சும்மா உட்காரணும், மூச்சு சீராகட்டும். அடுத்த 10 நிமிஷம் ஒரே பகுதியை மூணு தரம் பைய வாசிக்கணும், அல்லது வாசிக்கக் கேட்கணும். மூணாவது தரம் எந்த வார்த்தை தட்டுதோ அங்கேயே நிக்கணும். கடைசி 5 நிமிஷம் அந்த வார்த்தையை வச்சு இயேசுகிட்டப் பேசணும். இது புதுசு இல்லை. 12ஆம் நூற்றாண்டுல இரண்டாம் கூய்கோங்கிற துறவி வாசிப்பு, தியானம், ஜெபம், அமர்ந்திருத்தல்னு நாலு படியா எழுதிவச்சது.

ஒரு வாரத்துக்கு ஒரே பகுதிதான். தினம் ஒரு அதிகாரம்னு வச்சா அது வேதபாடப் பரீட்சை ஆயிரும். புதுச் செய்தி வரும், பழைய புண்ணு அப்படியே இருக்கும்.

பகுதிகள் இப்படி வச்சுக்கலாம். முதல் வாரம் யோவான் 5:1-9. முப்பத்தெட்டு வருஷமாக் கிடந்தவன்கிட்ட "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா"ன்னு கேட்கிறார். அவன் ஆமாம்னு சொல்லலை, தன்னைக் குளத்துல இறக்கிவிட ஆள் இல்லைன்னு சொல்லுறான். அந்தப் பதில்லயே அவன் புண்ணு இருக்கு. அன்னைக்கு வேற எதுவும் வேண்டாம், அந்தக் கேள்வி மட்டும்.

இரண்டாம் வாரம் சங்கீதம் 13. மூணாவது, மாற்கு 5:25-34, பெரும்பாடுள்ள (ரத்தப்போக்கு நிக்காத) ஸ்திரீ. இதுல நிதானமா நிக்கணும். அவ உடம்பு 29ஆம் வசனத்துலயே சுகமாயிட்டு. கதை அங்க முடியலை. இயேசுவைத் தன் வீட்டுக்குக் கூப்பிட வந்த யவீருவோட பன்னிரண்டு வயசு மக சாகக் கிடக்கா, அவன் பக்கத்துலயே தவிச்சு நிக்கான். அப்படியும் இயேசு நடுவழியில நின்னு "என் வஸ்திரங்களைத் தொட்டது யார்"னு கேட்கிறார். அவ நடுங்கிக்கிட்டு வந்து உண்மையையெல்லாம் சொல்லுதா. பன்னிரண்டு வருஷம், வைத்தியச் செலவு, தீட்டுன்னு ஒதுக்கினது. கேட்டு முடிச்சப்புறம்தான் "மகளே"ன்னு கூப்பிடுறார். உடம்புச் சுகம் தொட்டதுல வந்துட்டு. மத்தது சொல்லி முடிச்சப்புறம் வந்துது. அவசரப்படாத ஒருத்தர் கேட்கணும். குழுவோட வேலை அதுதான்.

நாலாம் வாரம் யோவான் 11:17-37. சகோதரன் லாசரு செத்தப்புறம் வந்த இயேசுகிட்ட "நீர் இங்கேயிருந்தீரானால்"னு மார்த்தாளும் சொல்லுதா, மரியாளும் சொல்லுதா. ரெண்டு பேரையும் அவர் கண்டிக்கலை, கண்ணீர் விட்டார். ஐந்தாம் வாரம் மன்னிப்பு, லூக்கா 17:3-4. ஆறாம் வாரம் பேதுரு மறுதலிச்சதும் மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்டதும், யோவான் 18:15-27, பிறகு 21:1-19. இந்த ரெண்டு இடத்துலயும் ஒரு கரிநெருப்பு வருது, 18:18லயும் 21:9லயும். மூல கிரேக்கத்துல 'அந்த்ராகியா'. புதிய ஏற்பாட்டுலயே அந்தச் சொல் இந்த ரெண்டு இடத்துலதான். எந்த நெருப்புல குளிர்காய்ந்துக்கிட்டு அவரைத் தெரியாதுன்னானோ, அதே மாதிரி ஒரு நெருப்பை மூட்டி வச்சு, மீனைச் சுட்டு, முதல்ல சாப்பிட வைக்கிறார். மூணு மறுதலிப்புக்கு மூணு கேள்வி. ஏன்டா அப்படிச் சொன்னேன்னு ஒரு வார்த்தை கிடையாது. நினைவு அழியலை. அந்த நினைவுக்குள்ள அவர் வந்து உட்கார்ந்துட்டார்.

கூட்டம் 75 நிமிஷம், எட்டே முக்காலுக்கு மேல ஓடக்கூடாது. 10 நிமிஷம் அமைதி, 15 நிமிஷம் வாசிப்பு, எட்டுப் பேருக்கும் ஆளுக்கு 4 நிமிஷம்னு 32 நிமிஷம் பேச்சு, மிச்சம் ஜெபமும் ஒரு கீர்த்தனையும். ஒருத்தர் பேசும்போது யாரும் பதில் சொல்லக்கூடாது, வசனம் எடுத்துக் கொடுக்கக்கூடாது, "எனக்கும் இப்படித்தான்"னு ஆரம்பிக்கக்கூடாது. பேசி முடிச்சதும் ஒரு நிமிஷம் மௌனம். நம்ம ஊர் ஆளுகளுக்கு இருக்கிறதுலயே கஷ்டமான விதி இதுதான்.

செவிலி_ஐகிரவுண்ட் | இரவு 10.48

பாடத்திட்டம் நல்லாருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி, முதல் கூட்டத்துக்கு ஒரு வாரம் முந்தி ஒவ்வொருத்தரையும் தனியா 15 நிமிஷம் பாருங்க. கேட்க வேண்டியது: ராத்திரி எத்தனை மணி நேரம் தூக்கம்? சாப்பாடு இறங்குதா? ரெண்டு வாரத்துக்கு மேல, தினமும், எதுலயும் பிடிப்பில்லாம இருக்கா? செத்துப்போலாம்னு நினைப்பு வருதா? யாரும் இல்லாதப்போ குரல் கேட்குதா? மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா, யாரு சொல்லியாவது நிறுத்தினாங்களா?

சாவைப் பற்றிக் கேட்டா அந்த எண்ணத்தை நாமளே ஊட்டின மாதிரி ஆயிருமோன்னு பயப்பட வேண்டாம். கேட்கிறதால எண்ணம் வராது; ஏற்கனவே இருந்தா வெளியே வரும். ஆமான்னு சொன்னா குழுவுல சேர்த்து "ஜெபத்துல வச்சுக்கிறோம்"னு விட்டுடாதீங்க. அன்னைக்கே வீட்டுல நம்பிக்கையான ஒருத்தர்கிட்டச் சொல்லி, வயல் மருந்து, மாத்திரை எல்லாம் கைக்கு எட்டாம எடுத்து வச்சுட்டு, பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க. ராத்திரி நேரம்னா அரசு மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. கட்டணம் இல்லை, தமிழ்ல பேசலாம்.

மாத்திரை விஷயம் முக்கியம். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும். நல்லாயிட்டப்புறமும் குறைஞ்சது ஆறு மாசம் தொடரணும். நடுவுல ஒரு கூட்டத்துக்குப் போய் "விசுவாசத்துல நிறுத்திட்டேன்"னு நிறுத்தினா முதல் வாரம் தலைசுத்தல், எரிச்சல், கெட்ட கனவு. கொஞ்ச நாள்ல நோய் திரும்பும். வீட்டுல அதை "பிசாசு திரும்பி வந்துட்டு"ன்னு சொல்லுவாங்க.

லெந்துன்னா உபவாசமும் சேர்ந்து வரும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவங்க வெறும் வயித்துல இருந்தா சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். லித்தியம்ங்கிற மனநல மாத்திரை சாப்பிடுறவங்க தண்ணி குடிக்காம உபவாசம் இருக்கவே கூடாது. பங்குனி வெயில்ல நீர்ச்சத்து குறைஞ்சா ரத்தத்துல லித்தியம் ஏறி விஷமாயிடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம்.

இன்னொண்ணு. இவங்க வீட்டு ஆம்பிளைங்களைக் "குடி விடுதலை ஜெபம்"னு சொல்லி மூணு நாள் கூட்டத்துல உட்கார வைப்பாங்க. வருஷக்கணக்கா தினமும் குடிச்சவர் திடீர்னு நிறுத்தினா முதல் ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாம் நாள்ல இருந்து நாலாம் நாளுக்குள்ள வியர்வை, நடுக்கம், இல்லாத பூச்சி சுவத்துல ஊருறதா சொல்லுறது, ஆள் அடையாளம் தெரியாம கத்துறது. அது மதுவை நிறுத்தினதால மூளை தடுமாறுறது, உயிருக்கே ஆபத்து. மேல கை வச்சுச் சத்தம் போட வேண்டிய நேரம் இல்லை, ஆம்புலன்ஸ் 108 கூப்பிட வேண்டிய நேரம்.

இதெல்லாம் விசுவாசக் குறைச்சல்னு யாராவது சொன்னா 1 இராஜாக்கள் 19ஐ வாசிக்கச் சொல்லுங்க. சாகணும்னு சூரைச்செடிக்குக் கீழ படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் பண்ணலை. தூங்கவிட்டான். தழல்ல சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணியும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டான், மறுபடி கொடுத்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்"ங்கிற கேள்வி நாற்பது நாள் கழிச்சு ஓரேப் மலையிலதான் வருது.

தேரிக்காற்று | இரவு 11.20

அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனா வேரைத் தொடாம இலையைக் கழுவி என்ன பிரயோஜனம்? நம்ம முன்னோர் மாடன், இசக்கி மாதிரி ஊர்த் தெய்வங்களுக்குக் கொடை விழா குடுத்தவங்க. யாத்திராகமம் 20:5 பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகள்கிட்ட மூணாம் நாலாம் தலைமுறை வரைக்கும் விசாரிப்பேன்னு சொல்லுதுல்லா? பரம்பரைச் சாபத்தைப் பேர் சொல்லி முறிச்சாத்தான் உள்ளான சுகம். முதல் வாரமே அதை வைங்க.

ஊசிக்கோபுரத்தடி | காலை 6.15

தேரிக்காற்று அண்ணாச்சி, அடுத்த வசனத்துலயே ஆயிரம் தலைமுறைமட்டும் இரக்கம்னு இருக்கு. நாலு பெருசா ஆயிரம் பெருசா? எசேக்கியேல் 18 முழுசும் இந்த வாதத்துக்குத்தான் பதில். பிதாக்கள் திராட்சக்காய் தின்னா பிள்ளைகள் பல்லு கூசுமாங்கிற பழமொழியை இனிச் சொல்லாதேன்னு ஆண்டவரே சொல்லுறார். கிறிஸ்து நம்மைச் சாபத்துல இருந்து மீட்டுக்கொண்டார்ங்கிற கலாத்தியர் 3:13 உங்களுக்குத் தெரியாததில்லை. ஞானஸ்நானத்துலயும் திடப்படுத்தல்லயும் பிசாசின் கிரியைகளை வெறுத்துவிடுகிறேன்னு சொல்லியாச்சு. வேணும்னா அந்த உடன்படிக்கையை ஒருதரம் எல்லாரும் சேர்ந்து வாசிக்கட்டும், போதும்.

செய்முறையில என்ன கெடுதல்னு சொல்லுறேன். ஒரு பெண்ணை அவ அப்பா குடிச்சுட்டு வந்து அடிச்சு வளர்த்தார்னு வைங்க. நீங்க பூட்டன் கொடை கொடுத்ததைத் தேட ஆரம்பிச்ச உடனே அப்பாவைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் போயிடுது. அவளுக்கும் அது சௌகரியம், சபைக்கும் சௌகரியம். புண்ணு அப்படியே இருக்கும். இன்னொரு பக்கம், அதே கொடையை இன்னைக்கும் நடத்துற சொந்தக்காரங்க தெருவுக்கு ரெண்டு வீடு இருக்காங்க. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒண்ணா நிக்கிற ஜனங்களைச் சாபக்கேடுன்னு சொல்லிப் பிரிக்கிறதுல என்ன சுகம் வரும்?

நீங்க சொல்லுறதுல ஒரு உண்மை இருக்கு, மறுக்கலை. குடும்பத்துல சில காரியங்கள் தலைமுறை தலைமுறையா இறங்குது. அதைக் கண்டுபிடிக்க வழி, ஒரு தாள்ல மூணு தலைமுறை எழுதுறது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்க. குடிச்சவங்க பேருக்கு ஒரு வட்டம், சின்ன வயசுல செத்தவங்களுக்கு ஒரு கோடு, பேச்சுவார்த்தை இல்லாதவங்களுக்கு நடுவுல ஒரு வெட்டு. எழுதத் தெரியாதவங்க தரையில புளியங்கொட்டை, சோழி, கல்லு வச்சே செய்யலாம். வச்சுப் பார்த்ததும் கேள்வி அதுவா வரும்: "இதுல எதை நான் என் பிள்ளைக்குக் கொடுத்துக்கிட்டிருக்கேன்?" இரண்டாம் வாரத்துக்கு அப்புறம் இதை வைக்கலாம், முதல் வாரம் வேண்டாம்.

புன்னைக்காயல்_கரை | காலை 7.40

நாங்க கத்தோலிக்கர், நீங்க சங்கீதம்ங்கிறது எங்களுக்குத் திருப்பாடல். ஆனா கேள்வி ஒண்ணுதான், அதனால ரெண்டு காரியம் சேர்க்கிறேன்.

ஒண்ணு, ஆன்ம சோதனை. 1521ல பாம்பலோனாவுல பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைஞ்சு கிடந்தாரே, இயேசு சபையை ஆரம்பிச்ச இஞ்ஞாசியார், அவர் வகுத்த பயிற்சிகள்ல உள்ளது. எங்க முத்துக்குளித்துறைக்கு 1542ல வந்த சவேரியாரும் பாரிஸ்ல இதே பயிற்சியைச் செய்தவர்தான். ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி 10, 15 நிமிஷம். முதல்ல நன்றி. அடுத்து வெளிச்சம் கேட்கிறது. பிறகு காலையில இருந்து நாளைத் திருப்பிப் பார்க்கிறது: எங்க மனசு லேசாச்சு, எங்க இறுகிச்சு, யாரு என்ன சொன்னப்போ முகம் சுருங்கிச்சு. பிறகு வருத்தம், கடைசியா நாளைக்கு ஒரே ஒரு காரியம்.

இதுல வழக்கமா நடக்கிற தப்பு, முதல் படியைத் தாண்டிக் குதிச்சு நேராக் குற்றக்கணக்கு எழுதுறது. ஏற்கனவே தன்னைத் தானே திட்டிக்கிட்டிருக்கிறவங்களுக்கு அது இன்னொரு சாட்டை. அப்படிப்பட்டவங்களுக்கு முதல் ரெண்டு வாரம் நன்றியும் திருப்பிப் பார்க்கிறதும் மட்டும் கொடுங்க. ஒரு வாரம் தொடர்ந்து பார்த்தா ஒரே இடத்துலதான் மனசு இறுகுதுன்னு பிடிபடும். ஒருத்தருக்கு மாமியார் குரல், ஒருத்தருக்குக் கடை ஏஜென்ட் "இது கழிவு"ன்னு பீடியைத் தள்ளுறது. கழிவுங்கிற சொல்லு பீடியோட நிக்காம தன் மேலயும் விழுது. புண்ணு இருக்கிற இடம் அது.

இரண்டாவது, ஆறாம் வாரத்துல யோவான் 18ஐயும் 21ஐயும் ஒண்ணா வைக்காதீங்க. 21 உயிர்ப்புக்கு அப்புறம் நடக்குது. தவக்காலத்துல 18ஓட நிறுத்துங்க. புனித வாரம் நடுவுல போகட்டும். ஈஸ்டர் முடிஞ்ச வாரம் ஏழாவதா ஒருநாள் கூடி 21ஐ வாசிங்க. பேதுருவும் அப்படியொரு இடைவெளியைக் கடந்துதான் வந்தார். பதில் வராத நாட்களும் பயிற்சியில ஒரு பகுதிதான்.

பனையடி | காலை 8.25

ரொம்ப உபகாரம். மூணு சந்தேகம். ஒண்ணு, மன்னிப்பு வாரம். எட்டுல மூணு வீட்டுல அடி உண்டு. ரெண்டு, ஊர் வாய். எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம், ராத்திரி சொன்னது காலையில தண்ணிக் குழாயடிக்கு வந்துரும். மூணு, எழுதத் தெரியாதவங்க தினம் 20 நிமிஷம் எப்படி?

கொழுந்துமாமலை | காலை 10.05

மன்னிப்பைப் பற்றி நான் சொல்லுதேன், அதுலதான் நம்ம ஊர்ல பெரிய அநியாயம் நடக்குது. "மன்னிச்சிரு, கர்த்தர் பாத்துக்கிடுவார், வீட்டுக்குப் போ"ன்னு சொல்லி அனுப்புதாவ. மறுநாள் கண்ணு வீங்கி வருதா.

லூக்கா 17:3ல வரிசையைப் பாருங்க. முதல்ல கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் (மனம் வருந்தினா) மன்னி. மன்னிக்கது வேற, ஒப்புரவாகுதது வேற, மறுபடி நம்புதது வேற. மன்னிக்கது கடன்சீட்டைக் கர்த்தர் கையில ஒப்படைக்கது, அதைத் தனியாளாச் செய்யலாம். ஒப்புரவாக ரெண்டு பேர் வேணும், செய்தவன் உண்மையைச் சொல்லணும். நம்பிக்கைக்குக் காலம் வேணும், அவன் குடியை விட்டு எத்தனை மாசம் ஆச்சுன்னு எண்ணித்தான் பாக்கணும். வரி வசூலிச்ச சகேயு "மனசு மாறிட்டேன்"னு மட்டும் சொல்லலை, அநியாயமா வாங்கினதை நாலத்தனையாத் திருப்பித் தாரேன்னான்.

அதனால அஞ்சாம் வாரம் இப்படி நடத்துங்க. "யாரை மன்னிக்கணும்"னு கேட்காதீங்க. "உங்ககிட்ட இருந்து என்ன எடுத்துட்டாவ"ன்னு கேளுங்க. படிப்பு, நகை, தூக்கம், பேரு. எடுத்தது எவ்வளவுன்னு தெரியாம கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது. அந்தக் கணக்கை எட்டு நாள் வச்சிருக்கட்டும். அந்த வாரமே மன்னிச்சாகணும்னு கட்டாயம் இல்லை. "ஆண்டவரே, மன்னிக்க மனசில்லை, மனசு வரணுங்கிற ஆசை கொஞ்சம் இருக்கு"ன்னு சொன்னா அதுவும் ஜெபந்தான்.

இப்பவும் அடி நடக்குத வீடா இருந்தா அது உள்ளான சுகத்துல சேர்ந்த விஷயமில்லை, பாதுகாப்பு விஷயம். பெண்கள் உதவி எண் 181. பதினெட்டு வயசுக்குள்ள உள்ள பிள்ளைக்கு யாராவது பாலியல் தொல்லை கொடுத்தது பேச்சுல வந்தா, போக்சோ சட்டம் 2012ன்படி தெரிஞ்சவங்க போலீசுக்குச் சொல்லியே ஆகணும். மறைக்கது குற்றம். 1098லயும் சொல்லலாம். "எதைச் சொன்னாலும் வெளியே போகாது"ன்னு முதல் நாளே சத்தியம் பண்ணிராதீங்க. "உயிருக்கோ பிள்ளைக்கோ ஆபத்துன்னா சொல்லத்தான் செய்வோம், மத்தது போகாது"ன்னு சொல்லுங்க.

ஊர் வாய்க்கு: குழுவை நடத்துததுல ஒருத்தராவது வேற சேகரத்து ஆளா இருக்கணும், சொந்தம் இல்லாதவரா. போன் எல்லாம் ஒரு கூடையில, வாசல்லயே. வாட்ஸ்அப் குழுவுல ஜெபக்குறிப்பு போடக்கூடாது. "ஒரு சகோதரியின் குடும்பச் சமாதானத்துக்காக"ன்னு போட்டாலே எந்தச் சகோதரின்னு ஊருக்கே தெரிஞ்சுரும். ஆறு மாசத்துக்கு யாரும் சாட்சி சொல்லவும் கூடாது. ரொம்ப அந்தரங்கமான காரியத்தைக் குழுவுல சொல்ல வேண்டாம், ஐயரம்மாகிட்டயோ வெளியூர் ஆள்கிட்டயோ தனியாச் சொல்லட்டும். யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர்னுதான் சொல்லுது, ஊருக்கெல்லாம்னு சொல்லலை.

புன்னைக்காயல்_கரை | காலை 10.31

எங்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கு, பழைய பேச்சுல பாவசங்கீர்த்தனம், குருவானவர்கிட்டத் தனியாப் பாவத்தைச் சொல்லுறது. அங்க கேட்டதைக் குருவானவர் உயிரே போனாலும் சொல்லக்கூடாது. அந்த உறுதி இருக்கிறதாலதான் பேசவே வருது. உங்களுக்கு அந்த அமைப்பு இல்லாட்டியும் அந்தக் கண்டிப்பை எடுத்துக்கலாம்.

ஊசிக்கோபுரத்தடி | பகல் 12.50

மூணாவது சந்தேகத்துக்கு. பீடி சுத்துறவங்களுக்குத் தனியா 20 நிமிஷம் கிடைக்கிறது அதிகாலை மட்டும்தான், பல நாள் அதுவும் கிடைக்காது. அதனால வேலைக்குள்ளயே வைங்க. மடியில சொளவு, இலை, தூள், நூல். கை தன்பாட்டுக்கு ஓடும், வாய் சும்மா இருக்கும். ஒரு கட்டு கட்டி வச்சதும் ஒருதரம்: "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, என்மேல் இரங்கும்." மூச்சை இழுக்கும்போது முதல் பாதி, விடும்போது இரண்டாம் பாதி. கீழைத் திருச்சபைகள்ல நூற்றாண்டுக்கணக்கா உள்ள ஜெபம் இது. ஆயிரம் பீடி கணக்கை முடிக்கிறதுக்குள்ள எத்தனையோ தரம் வந்துரும். எண்ண வேண்டாம். எண்ண ஆரம்பிச்சா அதுவும் கூலிக்கணக்கு ஆயிரும்.

இரண்டாம் வாரம் புலம்பல் செய்யும்போது எழுத வைக்காதீங்க. சங்கீதம் 13ல முதல் ரெண்டு வசனம் முழுக்க "எதுவரைக்கும்"தான் திரும்பத் திரும்ப வருது. அடுத்த ரெண்டும் விண்ணப்பம், கடைசி ரெண்டும் நம்பிக்கை. இந்த மூணு அடுக்கையும் சொல்லிக் கொடுத்துட்டு வாயால சொல்ல விடுங்க. நம்ம பெண்களுக்கு ஒப்பாரி தெரியும். செத்தவரை முன்னால வச்சுக் கேள்வி கேட்டு, குற்றம் சொல்லி, பெருமை பேசி அழத் தெரிஞ்சவங்களுக்கு இந்த அமைப்பு அந்நியம் இல்லை. ஜெபம்னாதான் "தயாபரரே, சர்வ வல்லவரே"ன்னு கோயில் தமிழ் வந்து அடைச்சுக்கிடும். வீட்டுப் பேச்சுல பேசச் சொல்லுங்க.

நாலாம் வாரம் ஒரு எச்சரிக்கை. "கண்ணை மூடு, அந்தச் சம்பவத்துக்குப் போ, இயேசு அங்க நிக்கிறதைப் பாரு"ன்னு நடத்துற முறை ஒண்ணு இருக்கு. சிலருக்கு உதவும்ங்கிறது உண்மை. நடத்துறவர் காட்சியைத் தானே சொல்லிக் கொடுத்தா, நடக்காததையும் நடந்ததா மனசு எழுதிக்கிடும். "உங்க சித்தப்பா ஏதாவது செஞ்சாரா"ன்னு கேட்கவே கூடாது. மார்த்தாள் மாதிரி "அன்னைக்கு நீர் எங்க இருந்தீர்"னு கேட்க மட்டும் விடுங்க. பதிலை நீங்க நிரப்பாதீங்க.

செவிலி_ஐகிரவுண்ட் | பகல் 1.22

அதோட, பேசிக்கிட்டிருக்கும்போது ஒருத்தருக்குப் பார்வை நிலைகுத்தி, மூச்சு வேகமாகி, கூப்பிட்டா கேட்காத மாதிரி ஆனா அது அபிஷேகமும் (ஆவி இறங்குறதும்) இல்லை, பிசாசும் இல்லை. நினைவு அவங்களை உள்ள இழுத்துட்டுது. சத்தமா ஜெபிக்காதீங்க, கேட்காம மேல கை வைக்காதீங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, கண்ணைத் திறக்கச் சொல்லுங்க, காலைத் தரையில அழுத்தச் சொல்லுங்க. கண்ணுல படுற அஞ்சு பொருளைச் சொல்லச் சொல்லுங்க. கையில ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணி. அஞ்சு பத்து நிமிஷத்துல திரும்புவாங்க. அன்னைக்கு அவங்களுக்கு அதுக்கு மேல பேச்சு வேண்டாம், துணையோட வீட்டுக்கு அனுப்புங்க, மறுநாள் காலையில போய்ப் பாருங்க. ரெண்டு தரம் இப்படி ஆனா மருத்துவரைப் பார்க்கணும்.

கொழுந்துமாமலை | பகல் 2.10

ஒண்ணுமே தோணலைங்குத ஆளும் எட்டுல ஒண்ணாவது இருக்கும். எல்லாரும் அழுதாவ, எனக்கு மட்டும் கல்லு மாதிரி இருக்குன்னு. அவங்களை விட்டுராதீங்க. சங்கீதம் 88ஐக் கையில கொடுங்க, அது இருட்டுலயே முடியுத சங்கீதம். கடைசி வசனம் வரைக்கும் வெளிச்சம் கிடையாது, ஆனா முழுசும் கர்த்தர்கிட்டப் பேசிக்கிட்டே இருக்கு.

டோனாவூர்ல மிஷனரியா இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மா 1931ல விழுந்ததுல இருந்து 1951ல இறக்கது வரைக்கும் பெரும்பாலும் படுக்கைதான். உடம்பு சுகமாகலை. அந்த அறையில இருந்துதான் அத்தனை எழுத்தும் வந்துது. கல்லறைக்கு மேல கல்லு வேண்டாம்னுட்டாவ, பறவை தண்ணி குடிக்க ஒரு தொட்டிதான் இருக்கு. சுகம்னா வலி போறதுன்னு மட்டும் அளந்தா அந்த இருபது வருஷத்தை எங்க வைக்க?

மாற்றத்தை அளக்க நான் பாக்குதது வேற. பிள்ளை பாலைக் கொட்டினா முன்னால மாதிரி கை ஓங்குதா? யாராவது தப்பைச் சுட்டினா ரெண்டு நாள் பேசாம இருக்காளா, ரெண்டு மணி நேரத்துல திரும்புதாளா? வாங்கின கடனைப் பற்றி மறைக்காமப் பேச வருதா? ஆவியின் கனியைச் சொல்லுத கலாத்தியர் 5:22, 23ஐ வீட்டுக்குள்ள வச்சுப் பாக்கது இப்படித்தான். மூணாவது வாரமும் ஆறாவது வாரமும் இதையே கேளுங்க.

தேரிக்காற்று | மாலை 5.30

சாபத்தைப் பற்றி நான் சொன்னதை முழுசா விடலை, ஆனா மூணு தலைமுறைத் தாள் நல்ல யோசனை. அந்தக் குடிப்பழக்க விஷயம் எனக்கு உண்மையிலேயே தெரியாது செவிலி அக்கா. ரெண்டாம் நாள் பூச்சி தெரியுதுங்கிறது... பல கூட்டத்துல அதைத்தான் வேற பேர்ல சொல்லியிருக்கோம்.

பனையடி | இரவு 9.35

எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டேன். முடிவு பண்ணினது: எட்டுப் பேரையும் இந்த வாரம் தனித்தனியாப் பாக்கோம், செவிலி அக்கா கேள்விகளோட. ஆறு வாரம் லெந்து, ஏழாவது ஈஸ்டர் முடிஞ்ச வாரம். இடம் கோயில் வராந்தா வேண்டாம், ரோட்டுக்குக் கேட்கும். வேதபாட அறை, பாய் விரிச்சு வட்டமா.

கடைசியா ஒரு யோசனை. ஏழாவது நாள் யோவான் 21 வாசிக்கும்போது நிசமாவே வாசல்ல கரி போட்டு மீன் சுடலாமா? வாசிச்சு முடிச்சு எல்லாரும் அங்கேயே சாப்பிடலாம்னு.

செவிலி_ஐகிரவுண்ட் | இரவு 9.58

நல்லாத்தான் இருக்கும். ஆனா முதல் சந்திப்புலயே தீ, மண்ணெண்ணெய், சூடு வச்சதுன்னு ஏதாவது வடு இருக்கான்னு கேட்டுக்கோங்க. கையில, கழுத்துல பழைய தீக்காயத் தழும்பு இருக்கிற பெண்களை நம்ம ஊர்ல நிறையப் பார்க்கலாம். புகைவாசம் பழைய நினைவைச் சட்டுன்னு கிளப்பிவிடலாம். அப்படி ஒருத்தர் இருந்தா அவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி, அவங்க சம்மதிச்சா மட்டும். இல்லைன்னா மீனை வீட்டுல பொரிச்சுக் கொண்டு வந்துருங்க.

புன்னைக்காயல்_கரை | இரவு 10.07

சம்மதிச்சா அவங்களையே நெருப்பு மூட்டச் சொல்லுங்க. பக்கத்துல ஒரு வாளி தண்ணி வைங்க. ஈஸ்டர் வாரத்துல எங்க பக்கம் சாளை மலிவா கிடைச்சா கொண்டு வந்து தர ஏற்பாடு பண்ணுறேன். எட்டுப் பேருக்கு ரெண்டு கிலோ தாராளம்.

பனையடி | இரவு 10.11

நடத்துற ரெண்டு பேரையும் சேர்த்துப் பத்து. ரெண்டரை கிலோவா வச்சுக்கோங்க அண்ணே.